முகட்டிலிருந்து தொடங்குங்கள்: ஒரு மலைக் கவுண்டியைப் படித்தறியும் முறை

ஒரு கவுண்டியைப் பற்றி எழுத உட்காருபவர்களில் பெரும்பாலோர் அது அமைக்கப்பட்ட ஆண்டை முதல் வரியிலும், பரப்பளவை இரண்டாம் வரியிலும், மக்கள்தொகையை மூன்றாம் வரியிலும் எழுதிவிட்டு, நான்காம் வரிக்கு என்ன எழுதுவது என்று திகைத்து நிற்கிறார்கள். சமவெளிக் கவுண்டிகளுக்கு இந்த வரிசை ஓரளவு ஒத்துவரும். மலைக் கவுண்டிக்கு ஒத்துவராது. அங்கே எந்தச் சாலை எந்த மாதத்தில் மூடப்படுகிறது என்று தெரியாமல் ஆட்சியை விளங்கிக்கொள்ள முடியாது. எந்த ஆறு எந்தப் பக்கம் இறங்குகிறது என்று தெரியாமல் வரலாற்றை விளங்கிக்கொள்ள முடியாது.

தமிழில் கலைக்களஞ்சியக் கட்டுரை எழுத முனைபவர்களுக்கும், சியரா நெவாடா மலைத்தொடருக்கு அடிக்கடி போய்வந்து, 'இது என்ன ஊர், யார் ஆள்கிறார்கள்' என்று கேட்கத் தொடங்கியவர்களுக்கும் பயன்படும் என்று கருதி இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். முறையை விளக்குவதற்குக் கலிபோர்னியாவின் ஆல்பைன் கவுண்டியை எடுத்துக்கொள்கிறேன். மாநிலத்தின் 58 கவுண்டிகளில் மக்கள்தொகையில் மிகச் சிறியது அது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்ந்தவர்கள் 1,204 பேர். சென்னையின் ஒரு நடுத்தர அடுக்குமாடி வளாகத்தில் இதைவிடக் கூடுதலானவர்கள் வசிப்பார்கள். ஆனால் பரப்போ 743 சதுர மைல், அதாவது சுமார் 1,924 சதுர கிலோமீட்டர். இவ்வளவு சிறிய சமூகமாக இருப்பதால், ஒவ்வோர் இழையையும் ஒருவரே பிடித்துக்கொண்டு கடைசிவரை போய்ப் பார்க்க முடிகிறது. பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

தொடங்குமுன் சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. கவுண்டி என்பதை 'மாவட்டம்' என்று எழுதுவது நம் வழக்கம். நான் கவுண்டி என்றே எழுதுகிறேன். மாவட்டம் என்றதும் நம் மனத்தில் ஆட்சியர் வந்து அமர்ந்துவிடுகிறார். மாநில அரசு அனுப்பும் அந்த ஒற்றை அதிகாரியைக் கலிபோர்னியக் கவுண்டியில் தேடினால் கிடைக்க மாட்டார். அங்கே ஆள்வது வாக்காளர்கள் தேர்ந்தெடுத்த குழு. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு எழுதப்பட்ட கட்டுரைகள் ஆட்சி என்ற பகுதிக்கு வந்ததும் தடம் மாறிவிடுகின்றன.

முதலில் நிலப்படம்

அமெரிக்க நிலவியல் அளவைத் துறை வெளியிட்டுள்ள 1:24,000 அளவிலான இடவிளக்க வரைபடங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கவுண்டி முழுவதையும் உள்ளடக்கும் தாள்களைத் தரவிறக்கி, முடிந்தால் அச்சிட்டு, தரையில் பக்கத்துப் பக்கத்தில் விரித்து வையுங்கள். திரையில் பார்ப்பதற்கும் தரையில் விரித்துப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு, முழங்காலிட்டு ஒருமுறை பார்த்தால் தெரியும். ஒரு நீல வண்ணப் பென்சிலை எடுத்து, ஒவ்வோர் ஓடையையும் அது தொடங்கும் இடத்திலிருந்து தாளின் விளிம்புவரை வரையுங்கள். ஒரு மணி நேரம் ஆகும். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில், எந்த நீலக் கோடும் கடக்காத ஒரு வெற்று வரி, வடக்கிலிருந்து தென்கிழக்காக, வரைபடத்தில் தானாகவே உருவாகிவிடும். அதுதான் நீர்ப்பிரிமுகடு. அதன் மேல் சிவப்புக் கோடு போடுங்கள்.

ஆல்பைனில் இந்தச் சிவப்புக் கோட்டுக்கு மேற்கே பிறக்கும் மொகலம்னி ஆற்றின் வடகிளையும் ஸ்டானிஸ்லாஸ் ஆற்றின் வடகிளையும் கலிபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கில் இறங்கி, கடைசியில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் பக்கம் போகின்றன. ஓக்லாந்து, பெர்க்லி, சான் ரமோன் பகுதிகளில் வசிக்கும் தமிழர்கள் வீட்டுக் குழாயில் பிடிக்கும் தண்ணீரின் பெரும்பகுதி மொகலம்னி ஆற்றிலிருந்து வருவது. கோட்டுக்குக் கிழக்கே பிறக்கும் கார்சன் ஆற்றின் இரு கிளைகளும் நெவாடாவுக்குள் இறங்கி, அங்கே ஒன்றுசேர்ந்து, கார்சன் சிங்க் என்ற உவர்ச்சமவெளியில் வற்றிப்போகின்றன. அவை எந்தக் கடலையும் பார்ப்பதில்லை. வடமூலையில் தோன்றும் மேல் ட்ரக்கி ஆறு டாஹோ ஏரியில் விழுந்து, ஏரியிலிருந்து வெளியேறி, நெவாடாவின் பிரமிட் ஏரியில் முடிகிறது. ஒரே கவுண்டியில் விழும் பனி இப்படி மூன்று திசைகளுக்குப் பிரிந்து போகிறது. நீர் யாருக்கு உரியது என்ற வழக்கு ஏன் அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது என்பதை, வழக்கின் பெயரே தெரியாதபோதும், இந்த நீல, சிவப்புக் கோடுகளைப் பார்த்து ஊகித்துவிடலாம்.

அடுத்தபடியாகச் சாலைகள் முகட்டைக் கடக்கும் இடங்களைக் குறியுங்கள். கார்சன் கணவாய் 8,574 அடி உயரத்தில் 88ஆம் எண் மாநில நெடுஞ்சாலையில் இருக்கிறது. குளிர்காலத்திலும் பனியை அகற்றி அதைத் திறந்து வைத்திருக்க முயல்கிறார்கள். எபெட்ஸ் கணவாய் சுமார் 8,730 அடி. 4ஆம் எண் சாலை. அதன் கிழக்குச் சரிவில் நடுக்கோடு இல்லாமல் ஒடுங்கும் சாலையில் சில வளைவுகள் 20 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட சரிவுடன் தலைகுப்புற இறங்குகின்றன. முகட்டிலிருந்து விலகிக் கிழக்கே நிற்கும் மானிட்டர் கணவாய் 8,314 அடி. 89ஆம் எண் சாலை. பின்னுள்ள இரண்டும் குளிர்காலம் முழுவதும் மூடியே கிடக்கும்.

இந்தத் தகவலைப் பட்டியலில் போட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள், அதை வைத்துக் கணக்குப் போடுங்கள். கவுண்டியின் மேற்கு மூலையில் பேர் வேலி என்ற பனிச்சறுக்கு ஊர் இருக்கிறது. தலைநகரான மார்க்லீவில் கிழக்குப் பக்கத்தில் இருக்கிறது. கோடையில் இரண்டுக்கும் இடையே நாற்பது மைலுக்குள்தான். எபெட்ஸ் கணவாய் மூடியதும், பேர் வேலிக்காரர் தன் கவுண்டியின் அலுவலகத்துக்குப் போக மலையைவிட்டு மேற்கே இறங்கி, இரண்டு வேறு கவுண்டிகளின் வழியாகச் சுற்றி, மறுபடி கார்சன் கணவாய் வழியாக ஏறி வர வேண்டும்; நூறு மைலுக்கு மிகுதியான வழி. தேர்தல், காவல், நீதிமன்றம், பள்ளி என்று இனி நீங்கள் படிக்கப்போகும் எல்லாவற்றின் மேலும் இந்த ஒரு கணக்கின் நிழல் விழும்.

பனியின் அளவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கவுண்டியின் மேற்கெல்லையை ஒட்டிய டாமராக் பனிநிலையத்தில் 1911 ஜனவரி மாதத்தில் மட்டும் 390 அங்குலப் பனி விழுந்ததாகவும், அதே ஆண்டு மார்ச்சில் தரையில் 451 அங்குலம், அதாவது ஏறத்தாழ பதினொன்றரை மீட்டர், பனி நின்றதாகவும் அமெரிக்க வானிலைப் பதிவுகள் கூறுகின்றன. மூன்று மாடி வீடு மூடிப்போகும் உயரம் அது.

எல்லைக் கோடுகள்

வரைபடத்தில் கவுண்டியின் எல்லையை விரலால் தொட்டுக்கொண்டு சுற்றி வாருங்கள். எல்லை வளைந்து நெளியும் இடங்களில் ஒரு முகடோ ஆறோ அதை நடத்திச் செல்கிறது. நேராக ஓடும் இடங்களில் எங்கோ ஒரு மேசையில் அளவுகோல் வைத்து வரைந்திருக்கிறார்கள். ஆல்பைனின் வடகிழக்கு எல்லை சாய்வான நேர்கோடு. அது கலிபோர்னியாவுக்கும் நெவாடாவுக்கும் இடையிலான மாநில எல்லை. 1849ஆம் ஆண்டு கலிபோர்னிய அரசமைப்புச் சட்டம், டாஹோ ஏரிக்குள் விழும் ஒரு புள்ளியிலிருந்து கொலராடோ ஆற்றில் 35ஆம் அட்சக்கோடு வெட்டும் புள்ளிவரை ஒரு நேர்கோட்டை எழுத்தில் வரைந்துவிட்டது. அந்தக் கோடு மலையில் எங்கே விழுகிறது என்று அப்போது யாரும் அளந்து பார்க்கவில்லை.

இதனால் விளைந்த குழப்பத்தை ஒரு மனிதரின் நிலப் பத்திரத்தில் பார்க்கலாம். ஜேக்கப் மார்க்லீ என்பவர் 160 ஏக்கர் நிலத்துக்கு உரிமை கோரி 1862 ஜூன் 23 அன்று பதிவு செய்தார். பதிவு செய்த இடம் நெவாடா பிரதேசத்தின் டக்ளஸ் கவுண்டி. எல்லையை அளந்தபோது நிலம் கலிபோர்னியாவில் இருப்பதாகத் தெரிந்தது. கார்சன் ஆற்றின் ஒரு துணையோடையின் மேல் சுங்கப் பாலம் கட்டிய அவர், 1863இல் துப்பாக்கிச் சண்டையில் இறந்தார். அவர் நிலத்தில் எழுந்த ஊர்தான் மார்க்லீவில். அவருடைய மரக்குடில் நின்ற இடத்தில்தான் இன்று கவுண்டி நீதிமன்றம் நிற்கிறது. தெற்கே அண்டையிலுள்ள மோனோ கவுண்டியின் நிலை இன்னும் வேடிக்கையானது; அதன் முதல் தலைநகரமான அரோராவே நெவாடாவில் இருப்பதாக 1863 அளவையில் தெரியவந்து, தலைநகரத்தை பிரிட்ஜ்போர்ட்டுக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

இதிலிருந்து ஆவணம் தேடுவோருக்கு ஒரு நடைமுறை விதி கிடைக்கிறது. ஆல்பைன் கவுண்டி 1864 மார்ச் 16 அன்று எல் டொராடோ, அமடோர், கலவேரஸ், மோனோ, டுவாலமி என்ற ஐந்து கவுண்டிகளின் துண்டுகளைச் சேர்த்து அமைக்கப்பட்டது. ஆகவே அதற்கு முந்தைய பத்திரங்களை ஆல்பைனில் தேடிப் பயனில்லை. நிலம் எந்தத் துண்டில் இருந்தது என்று முதலில் கண்டுபிடித்து, அந்தத் தாய்க் கவுண்டியின் பதிவகத்துக்குப் போக வேண்டும். மார்க்லீயைப் போன்றவர்களுக்கு நெவாடாவிலும் தேட வேண்டும். புதிதாகத் தேடத் தொடங்குபவர்கள் 'ஆவணம் இல்லை' என்று முடிவு கட்டிவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

வரலாறு: பெருமைக் கணக்கும் தலைக் கணக்கும்

வரலாற்றை 1864இல் தொடங்கக் கூடாது என்பதைச் சொல்லவேண்டியதில்லை என்றாலும், நடைமுறையில் அப்படித்தான் தொடங்குகிறார்கள். இந்த மலை வாஷோ மக்களின் மலை. கோடையில் டாஹோ ஏரிக்கரைக்கு ஏறுவதும், இலையுதிர்காலத்தில் கிழக்குக் குன்றுகளில் பைன் கொட்டை சேர்ப்பதும், குளிர்காலத்தில் தாழ்ந்த பள்ளத்தாக்குகளில் தங்குவதும் அவர்களுடைய ஆண்டுச் சுற்று. நீங்கள் வரைந்த நீலக் கோடுகளும் அந்தச் சுற்றும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருந்துவதைக் காண்பீர்கள். வரலாறு என்ற பகுதியில் இரண்டு வரியில் அவர்களைச் சொல்லி, கடந்துபோன மக்களைப்போல இறந்தகாலத்தில் விட்டுவிடுவது பெரும் பிழை. 2010 கணக்கெடுப்பில் கவுண்டியின் மக்களில் ஐந்தில் ஒருவர் தொல்குடியினர். உட்ஃபோர்ட்ஸ் அருகே ஹங்-அ-லெல்-டி என்ற வாஷோ குடியிருப்பு இருக்கிறது. 1970இல் அமெரிக்க நாடாளுமன்றம் 80 ஏக்கர் நிலத்தை அவர்களுக்காகப் பொறுப்புரிமையில் ஒதுக்கியது.

வெளியார் வருகை கணவாய்களின் வழியாகத்தான் நடந்தது. 1844 பிப்ரவரி 14 அன்று ஜான் ஃபிரமாண்ட் கார்சன் கணவாய்க்கு அருகே ரெட் லேக் சிகரத்தில் ஏறி, டாஹோ ஏரியைக் கண்டதாகப் பதிவு செய்தார். 1848இல் கலிபோர்னியாவிலிருந்து கிழக்கே திரும்பிய, மார்மன் சமயத்தவர் அடங்கிய படைப்பிரிவினர் அந்தக் கணவாய் வழியாக வண்டிப்பாதை அமைத்தனர். கடும் ஏற்றத்தைத் தாண்டி நம்பிக்கை பிறந்த பள்ளத்தாக்குக்கு அவர்கள் வைத்த ஹோப் வேலி என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. அடுத்தடுத்த பள்ளத்தாக்குகளுக்கு ஃபெயித், சேரிட்டி என்று பெயர். பெயர்களைத் தொகுத்துப் பார்த்தால் யார் எந்த வழியில் வந்தார்கள் என்பது தெரியும். வெள்ளி தோண்ட நார்வேக்காரர்கள் அமைத்த முகாமுக்கு, தம் நாட்டு வெள்ளி நகரமான கோங்ஸ்பெர்க்கின் பெயரைச் சூட்டினார்கள், அது பிறகு சில்வர் மவுண்டன் சிட்டி ஆயிற்று.

அந்த வெள்ளிதான் கவுண்டி பிறந்ததற்குக் காரணம். 1859இல் நெவாடாவின் காம்ஸ்டாக் வெள்ளி வெளிப்பட்டபின், அதைப் போன்ற இன்னொன்று இந்த மலையிலும் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பில் கூட்டம் வந்தது. கவுண்டி அமைந்தபோது சுமார் 11,000 பேர் இருந்ததாகப் பல நூல்களிலும் பலகைகளிலும் எழுதியிருக்கிறது. நானும் அதை நம்பி ஒரு கட்டுரையில் எழுதி, பின்னர் திருத்தியிருக்கிறேன். 1870ஆம் ஆண்டு ஃபெடரல் அரசின், அதாவது அமெரிக்க நடுவண் அரசின், கணக்கெடுப்பாளர் வீடுவீடாக நடந்து எண்ணியபோது கிடைத்தது 685 பேர். ஆறே ஆண்டுகளில் பத்தாயிரம் பேர் கிளம்பிப் போனார்கள் என்பதும், முதல் எண்ணே ஊதிப் பெருக்கியது என்பதும் இரண்டும் நடக்கக்கூடியவை. எதுவாயினும், எண்ணியவர் எண்ணை முதலிலும், விளம்பரப்படுத்தியவர் எண்ணை 'என்று கூறப்படுகிறது' என்ற சொல்லோடு பின்னாலும் எழுதுவதே முறை. சுரங்கப் பங்கு விற்க முனைந்தவர்களுக்குக் கூட்டம் தேவைப்பட்டது என்பதை மறக்கக் கூடாது. லூயிஸ் சால்மர்ஸ் என்பவர் லண்டன் முதலீட்டாளர்களின் பணத்தை இந்த மலையில் கொட்டி, வெள்ளியைவிட மிகுதியாக வழக்குகளையே எடுத்தார். அவருடைய வீடு 4ஆம் எண் சாலையோரம் இன்றும் நிற்கிறது.

பத்தாண்டுக் கணக்கெடுப்புகளை வரிசையாக எழுதி, ஒவ்வொரு திருப்பத்துக்கும் பக்கத்தில் காரணத்தைத் தேடுங்கள். 1880இல் 539, 1920இல் 243, 1930இல் 241. 1873இல் வெள்ளி நாணய மதிப்பை இழந்ததும் சுரங்கங்கள் சரிந்தன. 1875இல் தலைநகரம் சில்வர் மவுண்டன் சிட்டியிலிருந்து மார்க்லீவிலுக்கு மாறியது. எஞ்சியது மேய்ச்சலும் மரமும். காம்ஸ்டாக் சுரங்கங்களுக்கு முட்டுக்கொடுக்கும் மரங்களை வெட்டி, வசந்தகால வெள்ளத்தில் கார்சன் ஆற்றில் மிதக்கவிட்டு நெவாடாவுக்கு அனுப்பினார்கள். பணம் மேற்கே சான் பிரான்சிஸ்கோ பக்கம் போகாமல் கிழக்கே நெவாடாவோடு புழங்கியதற்கு ஆற்றின் திசையே காரணம். பிறகு 1970இல் 484 ஆக இருந்த மக்கள்தொகை 1980இல் 1,097 ஆகிறது. இதற்கு விளக்கம் தேட நெடுந்தொலைவு போகவேண்டாம்: பேர் வேலியின் பனிச்சறுக்கு மையம் 1967இலும், கிர்க்வுட் மையம் 1972இலும் திறக்கப்பட்டன.

கணக்கெடுப்பின் மூலத்தாள்கள் 72 ஆண்டு கழித்துப் பொதுமக்களுக்குத் திறக்கப்படுகின்றன. 1950ஆம் ஆண்டுத் தாள்கள் 2022இல் வெளிவந்தன. ஆல்பைனைப் போன்ற கவுண்டியில் ஓர் ஆண்டின் தாள்கள் முழுவதையும் ஒரே மாலையில் படித்துவிடலாம்; பெயர், வயது, தொழில், பிறந்த நாடு என்று ஒவ்வொரு குடும்பமும் கண்முன் வந்து போகும். 1890ஆம் ஆண்டுத் தாள்களை மட்டும் தேட வேண்டாம், அவை 1921 தீயிலும் அதற்குப் பின்னும் பெரும்பாலும் அழிந்துபோயின. செய்தித்தாள்களுக்குக் கலிபோர்னிய எண்மச் செய்தித்தாள் தொகுப்பைப் பாருங்கள். உள்ளூர்ப் பத்திரிகை கிடைக்காத ஆண்டுகளுக்கு சாக்ரமென்டோ பத்திரிகைகளிலும் நெவாடாப் பத்திரிகைகளிலும் இந்த ஊர்ச் செய்திகள் இருக்கும்.

ஒருவர் வாழ்க்கையின் வழியாகக் காலத்தைக் காட்ட விரும்பினால் ஸ்னோஷூ தாம்சனைத் தேர்ந்தெடுக்கலாம். நார்வேயின் டெலிமார்க்கில் பிறந்த இவர், 1856 தொடங்கி இருபது ஆண்டுகள், குளிர்காலத்தில், பத்தடி நீளப் பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு, ஒரே ஒரு கோலை ஊன்றி, பிளேசர்வில்லுக்கும் நெவாடாவின் ஜெனோவாவுக்கும் இடையே ஏறத்தாழ 90 மைல் தபால் சுமந்தார். கிழக்கே போக மூன்று நாள், திரும்ப இரண்டு நாள். உரிய கூலி கேட்டு வாஷிங்டன்வரை போயும் கிடைக்கவில்லை. டைமண்ட் வேலியில் பண்ணை வைத்திருந்த அவர் இந்தக் கவுண்டியை ஆளும் மேற்பார்வையாளர் குழுவிலும் இருந்தவர். நிலம், வரலாறு, ஆட்சி மூன்றையும் ஒரே ஆளில் காட்டும் வாய்ப்பு எல்லாக் கவுண்டிகளிலும் அமையாது.

ஆட்சியைப் படிக்கும் முறை

ஆல்பைனில் நகராட்சி ஒன்றுகூட இல்லை. கலிபோர்னியாவில் இப்படி இருப்பவை மூன்றே கவுண்டிகள்; மற்ற இரண்டு மாரிபோசா, டிரினிட்டி. எனவே குப்பை அகற்றுவது, கட்டட அனுமதி வழங்குவது, நூலகம் நடத்துவது என்று வேறிடங்களில் நகரமன்றம் பார்க்கும் வேலைகளும் கவுண்டியின் தலையில்தான். ஐந்து தொகுதிகளிலிருந்து நான்காண்டுக் காலத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படும் ஐவர் அடங்கிய மேற்பார்வையாளர் குழு சட்டமியற்றுவது, வரவுசெலவுத் திட்டத்தை ஏற்பது, நிர்வாக அலுவலரை அமர்த்துவது மூன்றையும் செய்கிறது. மக்கள்தொகையை ஐந்தால் வகுத்தால் ஓர் உறுப்பினருக்குச் சுமார் 240 பேர். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் ஓர் உறுப்பினர் ஏறத்தாழ இருபது லட்சம் பேருக்குப் பொறுப்பாகிறார். காவல் தலைவரான ஷெரிப், மாவட்ட வழக்கறிஞர், சொத்து மதிப்பீட்டாளர், எழுத்தர் ஆகியோரையும் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பதால், குழு நினைத்தாலும் அவர்களை நீக்கிவிட முடியாது. யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்று அம்புக்குறி போட்டு ஒரு படம் வரைந்துகொண்டால், செய்திகளில் வரும் பூசல்களில் பாதி விளங்கிவிடும்.

கூட்டங்களைப் படிக்க எளிய வழி இருக்கிறது. 1953ஆம் ஆண்டு பிரவுன் சட்டத்தின்படி வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலை 72 மணி நேரம் முன்பே வெளியிட வேண்டும். பட்டியலில் இல்லாத பொருளில், சில விலக்குகள் தவிர, முடிவெடுக்கக் கூடாது. ஓராண்டின் நிகழ்ச்சிநிரல்களை மாதவாரியாக அடுக்கிப் படியுங்கள். எந்தப் பொருள் திரும்பத்திரும்ப வருகிறது என்று பக்க ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டே போனால், எந்த அறிமுகக் கட்டுரையும் சொல்லாததை அந்தக் கோடுகள் சொல்லிவிடும்: மலைக் கவுண்டியில் அது பெரும்பாலும் சாலையும், தீயும், ஃபெடரல் அரசின் கடிதங்களுமாகவே இருக்கும்.

தேர்தல் முழுவதும் தபால் வாக்கில் நடக்கிறது. பேர் வேலியின் குளிர்காலச் சுற்றுவழியை நினைத்துப் பார்த்தால் இதற்கு விளக்கம் தேவைப்படாது. வாக்காளர் தொகை சிறியதாக இருப்பதில் ஒரு வினோதமும் உண்டு. 1970இல், கவுண்டியில் பதிவுபெற்ற வாக்காளர்கள் நானூறுக்கும் குறைவாக இருந்த நிலையில், இருநூறு பேர் குடியேறினால் ஆட்சியையே கைப்பற்றலாம் என்று தன்பாலின ஈர்ப்பாளர் உரிமை இயக்கத்தினர் சிலர் லாஸ் ஏஞ்சலஸில் அறிவித்தனர். நாடெங்கும் செய்தியாயிற்று; குடியேற்றம் நடக்கவில்லை. கணக்கு மட்டும் சரியாகத்தான் இருந்தது.

வருவாயைப் படிக்கும்போது நிதானம் தேவை. கவுண்டி நிலத்தில் சுமார் 96 விழுக்காடு பொதுநிலம்; அதில் பெரும்பகுதி ஹம்போல்ட்-டோயாபி, ஸ்டானிஸ்லாஸ், எல் டொராடோ தேசிய வனங்கள். அந்த நிலத்துக்குச் சொத்துவரி கிடையாது. எஞ்சிய சிறு பகுதிக்கும் 1978ஆம் ஆண்டு 13ஆம் எண் மக்கள்வாக்குத் தீர்மானத்தின்படி அடிப்படை வரி மதிப்பில் ஒரு விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. உரிமை கைமாறாதவரை மதிப்பையும் ஆண்டுக்கு இரண்டு விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தக் கூடாது. ஈடு செய்வதற்கு மூன்று ஃபெடரல் ஏற்பாடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன: தேசிய வன வருவாயில் கால்பங்கைப் பள்ளிக்கும் சாலைக்கும் தரும் 1908ஆம் ஆண்டு விதி, வரிக்கு மாற்றான தொகையைத் தரும் 1976ஆம் ஆண்டுச் சட்டம், மரம் வெட்டுவது குறைந்து கால்பங்கு கரைந்தபோது வந்த 2000ஆம் ஆண்டு ஊரகப் பள்ளிகள் சட்டம். வரவுசெலவு ஏட்டில் 'அரசுகளிடமிருந்து பெறுபவை' என்ற தலைப்பை முதலில் திறந்து, அது மொத்த வருவாயில் எத்தனை பங்கு என்று பாருங்கள். உள்ளூர்க் குழு எவ்வளவு சுதந்திரமாக முடிவெடுக்க முடியும் என்பதற்கு அதுவே அளவுகோல்.

உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் நெவாடாவின் டக்ளஸ் கவுண்டிக்குப் படிக்கப் போகிறார்கள். கலிபோர்னிய நீதிமன்றம் மட்டும் இங்கேயே இருக்கிறது: இவ்வளவு குறைந்த மக்களுக்கும் இரண்டு நீதிபதிகள். ஹங்-அ-லெல்-டி குடியிருப்பு நெவாடா, கலிபோர்னியா வாஷோ பழங்குடி அரசின் கீழ் வருவதால், அதற்கு மேற்பார்வையாளர் குழுவுக்கு இணையாக வேறொரு தன்னாட்சி இருக்கிறது. இதைத் தனியே எழுதாமல் விட்டால் ஆட்சிப் பகுதி முழுமையடையாது.

மூன்றும் சந்திக்கும் இடங்கள்

நிலம், வரலாறு, ஆட்சி என்று பிரித்துப் படித்தாலும், ஏதாவது இரண்டு மூன்று இடங்களில் மூன்றும் ஒன்றாக முடிச்சிட்டிருக்கும். அந்த முடிச்சுகளைக் கண்டுபிடித்துக் கட்டுரையில் அவற்றுக்கே மிகுதியான இடம் கொடுங்கள். கார்சன் ஆற்று நீருரிமை வழக்கு அப்படி ஒன்று: கீழ்மடையில் நெவாடாவின் பாசனத் திட்டத்துக்கும் மேல்மடையில் புல்வெளிக்காரர்களுக்கும் எவ்வளவு நீர் என்று முடிவுசெய்ய ஃபெடரல் அரசு 1925இல் தொடுத்த வழக்கில் தீர்ப்பு வந்தது 1980இல். அது 'ஆல்பைன் தீர்ப்பாணை' என்றே அழைக்கப்படுகிறது.

லெவையத்தன் சுரங்கம் இன்னொன்று. காம்ஸ்டாக் வெள்ளியைப் பிரிக்க மயில்துத்தம் (செப்புச் சல்பேட்) எடுப்பதற்காக 1860களில் தோண்டப்பட்ட அந்த இடத்தில், 1950களில் அனகோண்டா நிறுவனம் கந்தகத்துக்காகத் திறந்தவெளிச் சுரங்கம் வெட்டியது. தோண்டிக் கொட்டிய மண்ணின் வழியாகக் கசியும் நீர் அமிலமாகி லெவையத்தன் ஓடையில் இறங்கி, கார்சன் ஆற்றின் கிழக்குக் கிளைவரை போயிற்று. 2000இல் அது ஃபெடரல் அரசின் நச்சுக்கழிவுத் தூய்மைத் திட்டப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நீங்கள் வரைந்த நீலக் கோடுகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டே அந்த ஓடைக்குப் போய்விடலாம்.

2021ஆம் ஆண்டு டாமராக் தீ மூன்றாவது. ஜூலை 4 அன்று மின்னலில் பற்றிய தீ, அடைய முடியாத பாறைச் சரிவில் சிறிதாக இருந்ததால், வனத்துறை அதைக் கண்காணித்துக்கொண்டிருந்தது. ஜூலை 16 அன்று காற்று மாறி, தீ மார்க்லீவிலை நோக்கிப் பாய்ந்தது, ஊரே வெளியேற்றப்பட்டது, மறுநாள் கணவாய்களின் மேல் நடக்கவிருந்த சைக்கிள் ஓட்டம் கைவிடப்பட்டது. எரிந்தது 68,000 ஏக்கருக்கு மேல். தீ பற்றியது ஃபெடரல் நிலம், ஓடியது கவுண்டி மக்கள், முடிவெடுக்கும் அதிகாரம் மேற்பார்வையாளர் குழுவிடம் இல்லை. 96 விழுக்காடு என்ற எண்ணுக்கு உயிர் வருவது இங்கேதான்.

நேரில் போகும்போது

ஏட்டுவேலை முடிந்தபிறகு போங்கள். முன்பே போனால் அழகை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள். மார்க்லீவில் அருங்காட்சியகத்தில் 1882இல் கட்டிய ஓரறைப் பள்ளியும், சில்வர் மவுண்டன் சிட்டியிலிருந்து கொண்டுவந்த மரச் சிறையும் இருக்கின்றன. சிறைக்குள் குனிந்து நுழைந்து, இரும்புப் பட்டைகளைக் கையால் தறையடித்து இணைத்த கதவைத் தொட்டுப் பாருங்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் நகரத்திலிருந்து பெயர்த்தெடுத்து வரும் அளவுக்கு மதிப்பு மிக்கதாக அந்தக் கூண்டு இருந்திருக்கிறது. 1928இல் ஃபிரெடெரிக் டிலாங்ஷாம்ப் வடிவமைத்த கல் நீதிமன்றம் அருகிலேயே. அவர் நெவாடாக் கட்டடக் கலைஞர் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மானிட்டர் கணவாய்ப் பக்கத்து ஆஸ்பென் தோப்புகளில் நடக்கும்போது வெள்ளை மரப்பட்டைகளைக் கவனியுங்கள். ஸ்பெயின், பிரான்ஸ் எல்லைப் பகுதியிலிருந்து ஆடு மேய்க்க வந்த பாஸ்க் இன இளைஞர்கள் கத்திமுனையால் மெல்லக் கீறிய பெயரும் ஆண்டும், மரம் பருக்கப் பருக்க, கறுத்துத் தடித்து எழும்பி நிற்கும். கீறியபோது கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய கோடு அது, வடுவாகத்தான் எழுத்தாகிறது. ஆஸ்பென் நூறாண்டை எட்டுவதே அரிது என்பதால் இந்த ஆவணங்கள் மரத்தோடு சாய்ந்துகொண்டிருக்கின்றன. விளக்கொளி பக்கவாட்டில் விழும்படி படம் எடுங்கள். ஆண்டையும் இடக்குறியையும் உடனே எழுதி வையுங்கள். அருகில் உங்கள் பெயரைக் கீறாதீர்கள்.

மூன்று கணவாய்களையும் ஒரே பயணத்தில் கடக்க வேண்டுமானால் ஜூன் நடுப்பகுதிக்கும் அக்டோபர் தொடக்கத்துக்கும் இடையே போங்கள். புறப்படும் நாளன்று காலையில் மாநிலப் போக்குவரத்துத் துறையின் சாலைநிலைப் பக்கத்தில் 4, 88, 89 என்ற மூன்று எண்களையும் தனித்தனியே தட்டிப் பாருங்கள். எபெட்ஸ் கிழக்குச் சரிவில் எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்வாங்கியே தீரவேண்டிய இடங்கள் உண்டு. நீண்ட வண்டியை அங்கே எடுத்துச் செல்ல வேண்டாம்.